பாதுகாப்பு அக்கா

கணவனின் பழைய லுங்கியை நாலாக மடித்து, குடத்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முதல் சோலார் தகட்டின் மேல் மூலையில் வைத்து இழுக்கிறாள் செலினா. மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. குறுக்கே துடைத்தால் கோடு விழும் என்பது அவள் கட்சி. அவளை இறக்கிவிட்ட பஸ் இன்னும் திரும்பக்கூட இல்லை. டிரைவர் டீ கிளாஸோடு நின்று வேடிக்கை பார்க்கிறார். ராத்திரிப் பனி, மரத்தூசி, குரங்கு வைத்துவிட்டுப் போன கால்தடம் எல்லாம் லுங்கிக்கு வந்துவிடுகின்றன. கடைசித் தகட்டை முடித்ததும் கிழக்கே மலை விளிம்பைப் பார்த்து, "மாமனார் வந்துக்கினு இருக்காரு, வழிய வுடுங்க" என்கிறாள்.

மாமனார் என்றால் சூரியன். "நெனச்சா வருவாரு. நெனச்சா கம்பளிய போத்திக்கினு படுத்துக்குவாரு. ஏன்னு கேக்க முடியுமா? ஆனா வூடு அவரு பேர்லதான ஓடுது" என்பாள். மேகம் மூடிய நாட்களில் மாமனாரைத் திட்டுவதும் உண்டு. சொந்த மாமனாரைத் திட்ட முடியாமல் போன காலத்துப் பாக்கியையும் சேர்த்துத்தான் திட்டுகிறாள் என்று அவள் புருஷன் தைரியநாதன் சொல்வார்.

இத்தனை சிங்காரத்திலும் ஒன்றுதான் இடிக்கிறது. அந்தத் தகடுகளை நம்பி நிற்கும் சாமை மில், ஐப்பசியில் இடி விழுந்ததிலிருந்து ஓடவில்லை.

"ஓடாத மில்லுக்கு எதுக்கக்கா இந்தத் தொட தொடைக்கிற?" என்று டிரைவர் கேட்கிறார்.

"தண்ணி கீது, துணி கீது, கை கீது. நம்ம பக்கம் கொறைன்னு நாளைக்கு எவனும் வாயத் தொறக்கக் கூடாது பாரு."

செலினா மலைக்காரி இல்லை. வடக்கனந்தலில் வீடு. தியாகதுருகத்தில் ஒரு ரைஸ் மில்லில் பல வருஷம் வேலை பார்த்தவள். அந்த மில் மூடப்பட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, கல்வராயன் மலைமேல் நெல்லிக்குழியில் பெண்கள் குழு ஒன்று சோலாரில் ஓடும் சாமை மில் போடுகிறது, ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று சேதி வந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து மேலே ஏறினாள். அன்றிலிருந்து இன்றுவரை ஏறிக்கொண்டிருக்கிறாள். செருப்பைப் பையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடுதான் பஸ் ஏறுவாள். மில்லுக்குள் போனதும் எடுத்து மாட்டிக்கொள்வாள். ஊரெல்லாம் செய்வதற்கு நேர் எதிர். கேட்டால், "ரோட்டுல முள்ளு குத்துனா எடுத்துக்கலாம். மிஷினு பக்கத்துல கரண்டு குத்துனா எவன் எடுப்பான்?" என்பாள்.

மலையில் கரண்ட் இல்லையா என்று கீழ்நாட்டார் கேட்பார்கள். "கீது. பல்ப எரியவுடும், மோட்டார சுத்தவுடாது. அந்தக் கரண்டுக்கு அவ்ளோதான் தெம்பு." அதனால்தான் சோலார். மில் வருவதற்கு முன்னால் நெல்லிக்குழிப் பெண்களுக்கு இரண்டே வழி. உரலில் போட்டு உள்ளங்கை காய்த்துப்போகிற வரை குத்தலாம். அல்லது கண்ணாயிரத்தின் மினி லாரிக்கு உமியோடு தூக்கிக் கொடுக்கலாம். கண்ணாயிரம் கீழேயிருந்து வரும் வியாபாரி. அவன் சொன்னதுதான் எடை, அவன் சொன்னதுதான் விலை. அதே சாமை கீழே போய் உமி நீங்கி, கண்ணாடிப் பொட்டலத்தில் ஏறி, 'மலைச் சிறுதானியம்' என்று பெயர் வாங்கிக்கொண்டு, மலைக்காரர்கள் வாங்க முடியாத விலைக்கு விற்கும். இதைவிட அநியாயம் உண்டா?

மில் வந்தது. கண்ணாயிரம் இரண்டு வருஷம் மலைப் பக்கம் வரவில்லை. பெண்கள் அரிசியாகவே விற்றார்கள். குழுத் தலைவி செல்லியம்மாள் வீட்டுக்கு ஓடு மாற்றினாள். ஊரில் உரல்கள் கவிழ்ந்து கிடந்தன. கோழிகள் ஏறி நின்றன. வெயில் ஏற ஏற மோட்டார் சத்தம் ஏறுவதைக் காதாலேயே அளந்து, எந்த நேரத்தில் தொட்டியில் எவ்வளவு சாமை கொட்டலாம் என்று செலினா கையைக் காட்டுவாள். புகை இல்லை, டீசல் நாற்றம் இல்லை. இதற்குத்தான் கீழே மேடைகளில் பசுமை வளர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நெல்லிக்குழியில் அதற்குப் பெயர், காய்ப்பு இல்லாத கை.

செலினாவுக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. செய்தி. இடுப்புச் சுருக்குப்பையில் போன் ஒன்று சத்தமாகச் செய்தி வாசித்துக்கொண்டே இருக்கும். மோட்டார் இரைச்சலுக்கு மேலே அது கத்தும், அதற்கு மேலே இவள் பதில் சொல்வாள். செய்தி வாசிக்கிறவருக்குக் கேட்காது என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. இந்தச் செய்திப் பைத்தியத்தால் வந்ததுதான் அவளுடைய பட்டப்பெயர்.

மில் திறந்த அன்றைக்கு வந்த இன்ஜினியர், "மொதல் கட்டத்துல மிஷின் குடுத்துட்டோம். ரெண்டாவது கட்டத்துல பாதுகாப்பு. பாதுகாப்புக்கு நிதி வந்ததும் செஞ்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதுகாப்பு என்று அவர் சொன்னது இடிதாங்கியை. அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் செம்புப் பட்டையை. குரங்கும் மாடும் வராமல் சுற்றிப் போடும் வேலியை. கல்வராயன் மலையில் இடி என்பது விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். அது தெரிந்த செலினா அந்த வார்த்தையை மனப்பாடமாக வைத்துக்கொண்டாள். பாதுகாப்புக்கு நிதி எப்போது வரும், எப்போது வரும் என்று போனுக்குக் காதைக் கொடுத்தபடி இருந்தாள்.

வந்தது. டில்லியில் பட்ஜெட் வாசித்த அன்று போன் சொன்னது: "பாதுகாப்புக்கு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு நிதி ஒதுக்கீடு."

வெயில் உச்சியில் இருக்கும்போது மோட்டாரை நிறுத்தாதவள், அன்று நிறுத்தினாள். "செல்லிக்கா, வந்துடுச்சு! பாதுகாப்பு வந்துடுச்சு!"

"நம்ம இடிதாங்கிக்கு டில்லியிலயா சொல்றாங்க?" என்று செல்லியம்மாள் சந்தேகப்பட்டாள்.

"பின்ன? பேப்பரு அங்க போயிதான அங்கேருந்து வரணும்."

மறுநாள் கச்சிராயபாளையத்தில் பூந்தி வாங்கிக்கொண்டு மலையேறினாள். குழுவில் ஆளுக்கு ஒரு கை. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் இரண்டு கை. சாயங்காலம் மகன் ராபினிடமிருந்து போன் வந்தது. ராபின் ராணுவத்தில் இருக்கிறான். பனி மலையில் காவல். அம்மா சொன்னதைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பு ஒரு மாதிரி தேய்ந்து நின்றது.

"யம்மா, அது எங்களுக்கும்மா."

"ஒங்களுக்கா?"

"மிலிட்டரிக்கும்மா. அதயும் பாதுகாப்புன்னுதான் சொல்லுவாங்க."

செலினா போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு, "நீ துன்னியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

அவள் மறைக்கவில்லை. மறுநாள் தானே போய்ச் சொன்னாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அன்று முதல் அவள் பாதுகாப்பு அக்கா. ஆனால் அன்று அவள் சொன்ன ஒரு வார்த்தை சிரிப்பில் அடிபட்டுப் போனது. "காவக்காரனுக்கும் பாதுகாப்புன்னு பேரு, கம்பிக்கும் பாதுகாப்புன்னு பேரு. பேர ஒண்ணா வெச்சவனுங்க பைய ஏன் ரெண்டா வெச்சானுங்க? ஒரு பையி ரொம்பிக்கினே போவுது, இன்னொரு பையி கிழிஞ்சிக்கினே போவுது."

ஐப்பசியில், சாமை அறுப்பு தொடங்கிய வாரத்தில், பட்டப்பகலில் இடி இறங்கியது. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. தகடுகளும் தப்பின. வெயிலை மோட்டாருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கும் கன்ட்ரோல் பெட்டி மட்டும் கருகிப் போனது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று ஊரில் ஆறுதல் சொன்னார்கள். செலினாவுக்கு அந்தத் தலைப்பாகைதான் தலை. பெட்டி இல்லாமல் மோட்டார் வெறும் இரும்பு. அதன் விலை குழுவின் கைக்கு எட்டாது. ஓர் இடிதாங்கிக் கம்பிக்குக் கஞ்சத்தனம் பிடித்தவர்கள் ஒரு மில்லையே எரிய விட்டார்கள் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு வயிறு எரிந்தது.

"நா அனுப்புறேம்மா. புதுசா வாங்கிப் போட்டுடு" என்றான் ராபின்.

"வாணாம். நாட்டக் காக்குறதுக்கு வாங்குற சம்பளத்துல, நாடு செய்ய வேண்டிய வேலையயும் நீயே செய்யணுமா? ரெண்டு வேலைக்கு ஒரு ஆளா?"

அதற்குப் பிறகு அவள் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினாள். ஒன்று ராபினுக்கு, ஒன்று பெட்டிக்கு. சேசு இரண்டையும் கவனித்துக்கொள்வார் என்ற நம்பிக்கை இருந்தாலும், மனுவையும் ஒரு பக்கம் கொடுத்து வைத்தாள். திங்கட்கிழமை தோறும் கள்ளக்குறிச்சியில் மில்லுக்கு மிஷின் கொடுத்த அலுவலகத்துக்கு அலைந்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டாமா?

கடைசியாகப் போனபோது செல்லியம்மாளும் கூட இருந்தாள். அந்த அலுவலகத்தின் வாசலைத் தாண்டியதும் இருவரும் நின்றுவிட்டார்கள். சுவர் நிறையப் புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் செலினா. பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கையில் லுங்கியோடு, சோலார் தகட்டின் மேல் சாய்ந்து நிற்கிறாள். கீழே பச்சை எழுத்தில், 'பசுமை வளர்ச்சியின் முகம்.'

"அக்கா, நீதான!" என்றாள் செல்லியம்மாள்.

செலினா கிட்டே போய்ப் பார்த்தாள். "பாருக்கா, குறுக்க தொடைக்கிறேன்" என்றாள். மில் திறந்த அன்று போட்டோ எடுத்தவன், மேலிருந்து கீழே துடைத்தால் முகம் மறைகிறது, குறுக்கே துடையுங்கள் என்று சொல்லி எடுத்தது. ஓடாத மில்லின் சிரிப்பு, அதுவும் தப்பாகத் துடைத்த கையோடு, ஆள் உயரத்துக்குத் தொங்கியது. அவள் முகம் சிவந்ததைச் செல்லியம்மாள் அப்போதுதான் பார்த்தாள்.

உள்ளே மேஜையில் இளஞ்செழியன் இருந்தான். சின்ன வயசு, ஒப்பந்த வேலை, மரியாதையான பையன்.

"ஒங்க மனு பரிசீலனையில இருக்குதுங்கம்மா."

"போன தடவையும் அங்கதான் இருந்துச்சு. அது இன்னா ஊரு சார், பரிசீலனை? பஸ்ஸு போவுமா? நானே ஏறிப் போயி பாத்துட்டு வந்துடறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இளஞ்செழியன் சிரிக்கவில்லை. "மேலயே இந்த வருஷம் நிதி கம்மிம்மா. நாட்டுப் பாதுகாப்புக்கு ஜாஸ்தி தேவைப்படுது. அதனால பசுமைத் திட்டத்துல சிலத கொஞ்சம் தள்ளி வெச்சிருக்காங்க."

மறுபடி அந்த வார்த்தை. செலினா பேசுவதற்குள் பின்னாலிருந்து ஒருவர் முந்திக்கொண்டார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. "ஜவானுங்கல்லாம் பனியில நின்னு உசுரக் குடுக்கறாங்க. இந்தம்மாவுக்கு இப்ப சாம அரைக்கணுமாம்."

இந்த மாதிரி ஆட்களின் தேசபக்தி ஒரு விசித்திரம். அடுத்தவள் வாயை அடைக்கும்போது மட்டும் அது பொங்கும். செலினா திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தப் பனியில நிக்கிறவன் என் வயித்துல பொறந்தவன். இன்னிக்குக் காலையில அவன் இன்னா துன்னான்னு எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியுமா?"

பேனாக்காரர் சுவரைப் பார்த்தார்.

செலினா மேஜைப் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவில்லை; அதுதான் செல்லியம்மாளுக்குப் பயமாக இருந்தது. "அவனுக்குக் குடுக்க வாணாம்னு நா சொல்வனா சார்? பெத்தவ சொல்வனா? நல்லா குடுங்க. அவன் நிக்கிற எடத்துல ராவுல கூடாரத்துக்கு சூடு குடுக்குறதே சோலாருதானாம், போன்ல சொன்னான். அங்க போனா சோலாரு பாதுகாப்பு, இங்க வந்தா சோலாரு செலவா? எப்டி சார் இது? அவன் நின்னுக்கினு எதக் காக்குறான்? வெறும் பாறையவா? எங்க வூட்டையும் எங்க சாமையயும்தான காக்குறான். காக்க வெச்சிட்டு அதயே எரியவுட்டா, அவன் அங்க எதுக்கு சார் நிக்கணும்?"

எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி அவன் உட்கார்ந்திருந்தால், ஆத்திரம் தீரத் திட்டியாவது இருப்பாள். ஆனால் அந்தப் பையனின் கண் கலங்கியது. மேஜை மேல் குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "என் வேலயே மார்ச்சோட முடியுதும்மா. இந்தத் திட்டத்துக்காகத்தான் என்ன எடுத்தாங்க."

"அப்ப அந்தப் பக்கம் இன்னாத்துக்குக் குந்திக்கினு கீற? எழுந்து வந்து எங்ககூட நில்லு" என்றாள். கோபம்தான், ஆனால் அவன்மேல் இல்லை.

வாசலுக்கு வந்ததும் பேனரைக் காட்டிக் கேட்டாள்: "இந்த மூஞ்சி என்னுதுதான?"

பின்னாலேயே வந்த இளஞ்செழியன், "ஆமாங்கம்மா" என்றான்.

"நா எடுத்துக்கினு போறேன்."

முடிச்சு இறுகிக் கிடந்தது. நகம் போட்டு இழுத்தாள், அவிழவில்லை. காவலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இளஞ்செழியன் உள்ளே போய் மேஜை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து, நாலு மூலைக் கயிற்றையும் தானே வெட்டிக் கொடுத்தான்.

பஸ்ஸில் பேனரைப் பாய் மாதிரி சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "வூட்டுல மாட்டப் போறியா அக்கா?" என்று செல்லியம்மாள் கேட்டதற்கு, சுருளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சுருக்குப்பையில் போன் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. அதற்கும் இன்று அவள் பதில் சொல்லவில்லை. கரியாலூர் வளைவில் பஸ் திரும்பும்போது அதை அணைத்தே விட்டாள்.

நெல்லிக்குழியில் அவர்கள் இறங்கியபோது மில்லுக்கு எதிரே கண்ணாயிரத்தின் மினி லாரி நின்றது. இடி விழுந்த சேதி கீழே போய்ச் சேர அதிக நாள் பிடிக்கவில்லை. தராசு தொங்கியது. பெண்கள் மூட்டைகளோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கொக்கியில் முதல் மூட்டை ஆடிக்கொண்டிருந்தது. அது செல்லியம்மாள் வீட்டு மூட்டை. அவள் ஊரில் இல்லாத நேரத்தில் புருஷன் சடையன் தூக்கி மாட்டியிருந்தார்.

"இன்னாக்கா," என்றான் கண்ணாயிரம், லாரியில் சாய்ந்தபடி. "பாதுகாப்பு வந்துடுச்சா?"

யாரோ ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

செலினா அவன் பக்கமே திரும்பவில்லை. பையிலிருந்த செருப்பைக்கூட எடுத்து மாட்டவில்லை. நேராகக் களத்துக்கு நடந்தாள். முந்தின நாள் மழையில் களம் ஈரமாகக் கிடந்தது. கையிலிருந்த சுருளை உதறி விரித்தாள். ஆள் உயரச் செலினா மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

"செல்லிக்கா, மூட்டைய எறக்கு. ஈரச் சாமைய இடிச்சா மசிஞ்சிடும். மாமனாரு இன்னும் மேற்கால போவல, காயவெக்கலாம்."

செல்லியம்மாள் தராசுப் பக்கம் போனாள். சடையன் ஏதோ முணுமுணுத்தார். அவள் காதில் வாங்காமல் கொக்கியிலிருந்து மூட்டையைத் தோளில் வாங்கினாள். கொண்டுவந்து அவிழ்த்து, எங்கே கொட்டுவது என்று தெரியாமல் நின்றாள். கவிழ்ந்து கிடந்த உரல் ஒன்றை இரண்டு பெண்கள் நிமிர்த்தினார்கள். மேலே நின்ற கோழி கத்திக்கொண்டு ஓடியது.

"அங்கதான். மூஞ்சி மேல கொட்டு" என்றாள் செலினா.

சாமை சரிந்து இறங்கியது. சிரிப்பு மூடியது, குறுக்கே துடைத்த கை மூடியது, தகடுகள் மூடின. ஓரத்தில் ஒரே ஒரு பச்சை வார்த்தை மட்டும் மூடாமல் பளிச்சென்று தெரிந்தது. செலினா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாமைக்குள் இறங்கினாள். களத்தில் தானியம் துழாவும் நிதானத்தோடு, வெறும் பாதத்தால் சாமையைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய், 'வளர்ச்சி'யையும் மூடினாள்.